ரொட்டி தீர்ந்த வாக்கியம்

நம் வட்டத்தில் பிரெஞ்சு இலக்கியத்தைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. பிரெஞ்சு தெரிந்த ஆளும் அநேகமாகக் கிடையாது. பாதலேர், ரேம்போ, மல்லார்மே, வலேரி, ஸார்த்தர், காம்யு என்று ஆளாளுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறோம். எல்லாம் ஆங்கிலத்தில், பெரும்பாலும் பெங்குவின் பதிப்பில், பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. அப்படிப் படித்ததை நான் குறை சொல்லவில்லை. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, பிரெஞ்சு மனத்தின் தெளிவு, பிரெஞ்சு வாக்கியத்தின் இறுக்கம் என்றெல்லாம் கட்டுரை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் பார்த்த இறுக்கம் மொழிபெயர்ப்பாளருடைய ஆங்கிலத்தின் இறுக்கம். 1980இல் வெ. ஸ்ரீராம் காம்யுவின் நாவலை மூலத்திலிருந்தே தமிழாக்கி, 'அந்நியன்' என்ற பெயரில் க்ரியா வெளியிட்டபோது, இது நம்மால் ஆகக்கூடிய காரியந்தான் என்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் ஆங்கிலத்தின் வழியே வந்து சேர்ந்த பிரெஞ்சுதான் நம்மிடம் அதிகம் புழங்குகிறது.

இங்கே கவிதை எதையும் எடுத்துக்கொள்ளப்போவதில்லை. எந்தக் கவிஞனும் எழுதாத ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேச நினைக்கிறேன். பிரான்ஸில் எந்த வீட்டுச் சமையலறையிலும், சாயங்காலம் எந்த ரொட்டிக் கடையிலும் கேட்கக்கூடியது. 'இல் நியா ப்ளு த பேன்.' ரொட்டி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தமிழ் லிபியில் எழுதும்போதே ரொட்டி பேனாகிவிடுகிறது. மன்னிக்க வேண்டும், நம் எழுத்துக்களின் சங்கடம் அது. குளியலுக்கும் பிரெஞ்சில் கிட்டத்தட்ட இதே ஒலிதான், முதல் எழுத்து மட்டும் மெல்லியது. தமிழில் எழுதினால் அதுவும் 'பேன்'தான். ஆக ரொட்டி, குளியல், பேன் மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஒலியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். இந்த வார்த்தையின் கடைசியில் இருப்பது 'ன்' அல்ல. எழுத்தில் 'என்' என்ற எழுத்து உண்டு, ஆனால் நாக்கு எங்கும் தொடுவதில்லை. உயிரொலி மூக்கின் வழியாக வெளியேறுகிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் மூக்கைப் பிடித்துக்காட்டுவதும் மாணவர்கள் சிரிப்பதும் வழக்கம். நமக்கு இந்தப் பயிற்சி எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 'அவன் வந்தான்', 'பணம் தரணும்' என்று எழுதுகிறோம். பேசும்போது அந்தக் கடைசி ன், ம் எல்லாம் எங்கே போகின்றன? மூக்கொலியாகக் கரைந்துவிடுகின்றன. வீட்டில், தெருவில், பஸ்ஸில் நாள் முழுக்க நாம் செய்கிற காரியந்தான் இது. எழுத்தில் ஓர் ஒற்றை வைத்துக்கொண்டு பேச்சில் அதை விழுங்கிவிடுவதில் பிரெஞ்சுக்காரனும் தமிழனும் ஒரே ஜாதி. நம் இலக்கணப் புத்தகங்கள் இந்தக் கரைதலை ஒப்புக்கொள்வதில்லை; அவர்களுடையவை ஒப்புக்கொள்கின்றன. வித்தியாசம் அவ்வளவே.

இனி வாக்கியம். முதல் சொல் 'இல்'. தமிழ்க் காது இதைக் கேட்டவுடன் இல்லை என்ற செய்தி முதலிலேயே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் அந்த 'இல்' அவன் என்பதற்கான சொல். எந்த அவன்? யாரும் இல்லை. வினைக்கு முன்னால் ஓர் எழுவாய் நின்றாக வேண்டும் என்பது அந்த பாஷையின் பிடிவாதம். ஆள் கிடைக்காத இடத்தில் இந்த வெற்று அவனை நிறுத்திவைக்கிறார்கள். மழை பெய்தாலும் இவன்தான் பெய்கிறான். மணி ஐந்து ஆனாலும் இவன்தான் ஐந்து ஆகிறான். நமக்கு மழையே பெய்யும், மணியே ஆகும். அடுத்து வருவது 'ந', எதிர்மறையின் முதல் துண்டு, தன் உயிரை இழந்து ஒற்றாகச் சுருங்கி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்கடுத்த 'இ' என்றால் அங்கே. 'ஆ' என்றால் கொண்டிருக்கிறான், வைத்திருக்கிறான். எதிர்மறையை எடுத்துவிட்டுப் பார்த்தால், 'அவன் அங்கே வைத்திருக்கிறான்'. ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்ல பிரெஞ்சு இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறது. பெயரில்லாத ஒருவன் குறிப்பில்லாத ஓரிடத்தில் ரொட்டி வைத்திருக்கிறான். ஆகவே ரொட்டி உண்டு.

இருப்பைச் சொல்வதற்கு உடைமையைக் குறிக்கும் வினையை ஏன் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் உறுத்தலாக இருந்தது. எமில் பென்வெனிஸ்த் 1960இல் எழுதிய, 'இரு', 'வைத்திரு' என்ற இரண்டு வினைகளைப் பற்றிய கட்டுரை அதைத் தெளிவாக்கிற்று. 1966இல் வந்த அவருடைய பொது மொழியியல் பிரச்னைகள் தொகுப்பில் இருக்கிறது. 'வைத்திரு' என்ற வினை எல்லா பாஷைகளிலும் இருப்பதாக ஐரோப்பியர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அது சரியல்ல, பெரும்பாலான பாஷைகள் 'எனக்கு இருக்கிறது' என்ற வழியில்தான் உடைமையைச் சொல்கின்றன, பிரெஞ்சின் வினைகூட அந்த 'எனக்கு இருக்கிறது' என்பதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுதான் என்கிறார் அவர். தமிழைப் பற்றிப் பேசாமலேயே தமிழனுக்கு உபகாரம் செய்த கட்டுரை. எனக்குப் பசிக்கிறது என்கிறோம். பிரெஞ்சுக்காரன் பசியை வைத்திருக்கிறான். நமக்கு இருபது வயது ஆகிறது. அவன் இருபது வருஷங்களை வைத்திருக்கிறான். இதை வைத்து அவர்கள் உடைமை வெறி பிடித்தவர்கள், நாம் பற்றற்றவர்கள் என்று ஒரு தத்துவம் கிளப்பிவிடலாம். அந்த மாதிரிக் கட்டுரைகள் நம்மிடம் ஏற்கனவே போதுமான அளவுக்கு உண்டு. நான்கு குத்தகைப் பத்திரங்களைப் படித்தவன் அப்படி எழுதமாட்டான்.

வாக்கியத்தின் உயிர் 'ப்ளு' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு முன், பிரெஞ்சு எதிர்மறையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆதியில் 'ந' ஒன்றே போதுமானதாக இருந்தது, லத்தீனின் 'நோன்' தேய்ந்து வந்தது. தேய்ந்த சொல்லுக்குக் காதில் பலம் போதவில்லை. அதற்கு முட்டுக்கொடுக்க, வினைக்குப் பின்னால் சின்னஞ்சிறு பொருள்களை வைக்க ஆரம்பித்தார்கள். நடக்கமாட்டேன் என்பதற்கு ஓர் அடியும் நடக்கமாட்டேன். 'பா' என்றால் அடி. சாப்பிடவில்லை என்பதற்கு ஒரு துணுக்கும் சாப்பிடவில்லை. 'மீ' என்றால் ரொட்டித் துணுக்கு. ஒரு புள்ளியும் இல்லை, ஒரு சொட்டும் இல்லை என்றும் சொன்னார்கள். நாமும் இதையெல்லாம் சொல்கிறோம். எள்ளளவும், இம்மியும், துளியும், பொட்டுக்கூட. சோற்றுப் பருக்கை என்றால் அவர்களுடைய துணுக்குக்கு ரொம்ப நெருக்கம். ஆனால் நம்மிடம் இவை துணைக்கு வந்தவையாகவே நின்றுவிட்டன. அவர்களிடம் துணைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டான். 'அடி' என்ற சொல் தன் பழைய அர்த்தத்தை அந்த இடத்தில் அறவே மறந்து, வெறும் எதிர்மறையாகிவிட்டது. பொருள் என்று அர்த்தமாயிருந்த லத்தீன் சொல் இன்று 'ரியேன்', ஒன்றுமில்லை. நபர் என்ற சொல்லே யாருமில்லை என்றும் ஆகிறது. இப்போது பேச்சில் மூலவரான 'ந' விழுந்தும்விட்டது. கனடாவின் க்யுபெக்கில் பேசுகிறவர்களிடம் அது கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. பாரீஸ் சமையலறையிலும் 'இல்' போய், 'ந' போய், 'யா ப்ளு த பேன்' என்றுதான் கேட்கும். இப்படித் தேய்வதும் முட்டுக் கொடுப்பதும் மறுபடி தேய்வதும் மாறி மாறி நடப்பதை டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பெர்ஸன் 1917இல் ஒரு சிறு நூலாக எழுதினார். மொழியியல்காரர்கள் இன்றும் இதை அவர் பெயரால் ஒரு சக்கரம் என்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது பழந்தமிழ் நினைவுக்கு வராமலிருக்காது. உண்டேன், உண்பேன், உண்ணேன். மூன்றாவதில் எதிர்மறைக்கென்று என்ன சேர்ந்திருக்கிறது? காதில் விழுகிற மாதிரி ஒன்றும் சேரவில்லை. காலம் காட்டும் உறுப்பை எடுத்துவிட்டால் போதும், செயலே இல்லாமற்போகிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தன் ஒப்பிலக்கணத்தில் இந்த விசேஷத்தைக் கவனித்திருக்கிறார். பிறகு நாமும் முட்டுக் கொடுக்கத் தொடங்கி, உண்ணவில்லை, உண்ணமாட்டேன் என்று வந்து சேர்ந்தோம்.

'ப்ளு'வுக்கு வருகிறேன். அதன் சொந்த அர்த்தம் அதிகம், மேலும். 'ந'வோடு சேர்ந்தால் 'மேற்கொண்டு இல்லை'. 'ந' விழுந்துவிட்ட பேச்சில் இந்த ஒரே சொல் 'அதிகம்' என்பதையும் 'தீர்ந்தது' என்பதையும் தாங்க வேண்டியிருக்கிறது. எழுதிவைத்தால் 'யா ப்ளு த பேன்' என்பதற்கு ரொட்டி தீர்ந்தது என்றும் அர்த்தம் பண்ணலாம், ரொட்டி அதிகமாக இருக்கிறது என்றும் பண்ணலாம். ஏராளமும் சூன்யமும் ஒரே எழுத்துக்களில். பேச்சில் இதைக் காப்பாற்றுவது கடைசி 'எஸ்' ஒன்றுதான். அதிகம் என்று சொல்ல நினைக்கிறவன் 'ப்ளுஸ்' என்று அதை அழுத்தி விடுகிறான். தீர்ந்தது என்பவன் விழுங்கிவிடுகிறான். சாப்பாட்டு மேஜையில் ஒரு குழந்தை ரொட்டி கேட்கிறதா, போதும் என்கிறதா என்பது இந்த மெல்லிய சீறலில் இருக்கிறது. மரபான இலக்கண ஆசிரியர்கள் இதற்காகத்தான் 'ந'வைக் கைவிடாதே என்று மன்றாடுகிறார்கள். நம் உரைநடைச் சண்டைகளை, கதையில் பேச்சுத் தமிழ் வரலாமா கூடாதா என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியதை நினைத்தால், அவர்கள் நிலை நமக்கு அந்நியமானதல்ல.

அர்த்தத்தில் இந்தச் சொல் என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். 'பா' வைத்துச் சொன்னால் ரொட்டி இல்லை, அவ்வளவே. எப்போதாவது இருந்ததா என்பதைப் பற்றிப் பேச்சில்லை. 'ப்ளு' வைத்துச் சொன்னால் இருந்தது, இப்போது இல்லை. இருந்தது என்பதைச் சொல்லாமலேயே ஒப்புக்கொண்டாகிவிடுகிறது. அதாவது 'ப்ளு' திரும்பிப் பார்க்கிற சொல். நம் மொழிபெயர்ப்புகளில் இதற்கு என்ன போடுகிறார்கள்? 'இனி.' இனி ரொட்டி இல்லை. இனி அவன் வருவதில்லை. இனி நான் அழவில்லை. ஆங்கிலத்தின் 'நோ லாங்கர்' நடுவில் நின்றுகொண்டு செய்த வேலை இது. 'இனி' முன்னால் பார்க்கிற சொல். 'இனி ரொட்டி இல்லை' என்று தமிழில் ஒருத்தி சொன்னால் அது ஒரு பிரகடனம், அல்லது சாபம். பஞ்சம் வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வோம். கடைக்காரி சொன்னதோ இன்றைக்குச் சுட்டது விற்றுப்போயிற்று, நாளைக் காலையில் வா என்பது. இந்தப் பொருந்தாத 'இனி' மொழிபெயர்ப்புகளிலிருந்து இறங்கி நம் புதுக்கவிதைக்குள் வந்து குடியேறிவிட்டது. இனி பறவைகள் இல்லை, இனி நதி இல்லை என்று நம் கவிஞர்கள் அடைந்த இருத்தலியல் துக்கத்தில் ஒரு பங்கு, எந்த பிரெஞ்சுக்காரனும் படாத துக்கம் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு 'த' இருக்கிறது. பள்ளிக்கூட இலக்கணத்தில் இது ஒரு வரி விதி. ரொட்டி, தண்ணீர், இறைச்சி மாதிரி எண்ணமுடியாத பொருள்களுக்கு முன்னால், அதில் கொஞ்சம் என்று சொல்ல, பிரெஞ்சு ஒரு சுட்டு வைக்கிறது. ஆண்பாலான ரொட்டிக்கு 'து', பெண்பாலான இறைச்சிக்கு 'த லா'. எதிர்மறை வந்தால் இரண்டும் மொட்டையாகி வெறும் 'த' ஆகும். ரொட்டி உண்டு என்றால் 'து பேன்'. இல்லையென்றால் 'த பேன்'. மாணவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார்கள். உடனே ஒரு விதிவிலக்கும் சொல்லித்தருவார்கள். 'இது ரொட்டி அல்ல' என்று சொல்லும்போது மட்டும் எதிர்மறை வந்தும் 'து' மாறாது, 'ஸ நே பா து பேன்' என்றே நிற்கும். ஏன் என்று பாடப்புத்தகம் சொல்லாது. பெரும்பாலும் ஆசிரியரும் சொல்லமாட்டார்.

தமிழ் தெரிந்தவனுக்கு இதில் விதிவிலக்கே இல்லை. ரொட்டி இல்லை, ரொட்டி அல்ல. இவை இரண்டும் வேறு வேறு மறுப்பு. முதலாவதில் பொருளே இல்லை. இரண்டாவதில் கையில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு ரொட்டி என்ற பெயர் பொருந்தவில்லை. பொருளே இல்லாதபோது அது ஆண்பாலா பெண்பாலா என்ற கேள்வி எழ இடமில்லை. ஆகவே 'து'வும் 'லா'வும் உதிர்ந்துபோகின்றன. பொருள் இருந்து, பெயரை மட்டும் மறுக்கும்போது அந்தப் பெயர் தன் பாலோடு முழுசாக நிற்கிறது. நம் பழைய இலக்கணத்திலும் இதேதான். அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இல்லை என்பதையோ நன்னூல் ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொதுவான சொல்லாக வைத்திருக்கிறது. ஆள் இல்லாவிட்டால் பால் எங்கிருந்து வரும்? இரண்டு பாஷைகளுக்கும் எந்த உறவும் கிடையாது. உறவு கொண்டாடப் புறப்படுகிற பேராசிரியர்களுக்கு நான் உதவி செய்யமாட்டேன். உறவே இல்லாத இரண்டு இடங்களில் ஒரே நுட்பம் சித்தித்திருக்கிறது என்பதில்தான் எனக்கு சந்தோஷம். அதோடு ஒரு வருத்தமும் உண்டு. பேச்சுத் தமிழில் இன்று 'அது ரொட்டி இல்லே' என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். எழுத்திலும் 'அல்ல' நழுவிக்கொண்டிருக்கிறது. ஒருமைக்கும் பன்மைக்கும் அதுவே என்றாகி, 'அன்று' போனவிடம் தெரியவில்லை. மலையாளத்தில் பால் விகுதிகள் போனாலும் 'அல்ல'வும் 'இல்ல'வும் தெருப்பேச்சில்கூடத் தனித்தனியாக இருக்கின்றன. சாயாக்கடைக்காரர் ஒருபோதும் மாற்றிச் சொல்லமாட்டார்.

ஸார்த்தரை விட்டுவிட்டு இந்தப் பத்திரிகையில் இல்லாமையைப் பற்றி எழுத முடியாது போலிருக்கிறது. 1943இல் வந்த அவருடைய பெரிய நூலில் வரும் காபிக் கடைக் காட்சி நம் எல்லோருக்கும் தெரியும். நான்கு மணிக்கு வருவதாகச் சொன்ன பியேரைத் தேடிக்கொண்டு போகிறார்; தாமதமாகிவிட்டது; பியேர் அங்கே இல்லை. கடையில் இல்லாத மனிதர்கள் கோடிக்கணக்கில் உண்டு, ஆனால் எதிர்பார்க்கப்பட்ட பியேரின் இல்லாமைதான் அந்தக் கடையை நிரப்புகிறது என்று பல பக்கங்களில் விளக்குகிறார். நாம் இதை ஹேஸல் பார்ன்ஸின் 1956ஆம் வருஷத்து ஆங்கிலத்தில் படித்து, 'சூன்யம்' என்று ஒரு வடசொல்லைப் போட்டு எழுதினோம். காட்சி பிரமாதமானது, சந்தேகமில்லை. ஆனால் எதிர்பார்ப்பு இருந்தால்தான் இல்லாமை என்பதை, அந்தக் காபிக் கடைக்குப் பக்கத்து ரொட்டிக் கடைக்காரி 'ப்ளு' என்ற ஓரசையில் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் பக்கத்து நையாயிகர்களும் சும்மா இருக்கவில்லை. அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் படித்த பையன் நான்கு அபாவங்களை ஒப்பிப்பான். குடம் வனையப்படுவதற்கு முன் இல்லாமலிருப்பது பிராகபாவம். உடைந்தபின் இல்லாமற்போவது பிரத்வம்ஸாபாவம். எக்காலத்திலும் இல்லாதது அத்யந்தாபாவம். குடம் துணி அல்ல என்பது அன்யோன்யாபாவம். 'இன்னும் இல்லை' என்பதற்கு பிரெஞ்சில் 'பா ஸாங்கோர்' என்பார்கள், அது முதலாவது. நம் 'ப்ளு' இரண்டாவது. 'து' மாறாமல் நிற்கிற அந்த விதிவிலக்கு நான்காவது. ஸார்த்தர் நியாய சாஸ்திரம் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாம் படித்திருக்கலாம்.

இந்த வித்தியாசங்கள் எல்லாம் வகுப்பறை விஷயம், வாழ்க்கையில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காக ஒரு சம்பவம். எண்பதுகளின் நடுவில் புதுச்சேரியில் நான் இருந்த தெருவில் ஒரு வயதான அம்மாள் இருந்தார். கணவர் 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இந்தோசீனாவில் வேலை பார்த்தவர். அம்மாளும் 1954 வரை ஸைகோனில் குடித்தனம் செய்திருக்கிறார். பிரெஞ்சில் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் ஸைகோன் ரொட்டிக் கடைகளில் காதால் பொறுக்கிய ஒரு சமையலறை பிரெஞ்சு அவரிடம் இருந்தது. 'ந' என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. 'யா ப்ளு' என்பது அவர் வாயில் ஒரு தமிழ்ச் சொல்லாகவே ஆகியிருந்தது. பால் யா ப்ளு, மண்ணெண்ணெய் யா ப்ளு. கணவர் இறந்தபிறகு அவருக்கு ஒரு விதவைப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. வருஷந்தோறும் உயிரோடிருப்பதற்கான சான்றை அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் அது போய்ச்சேரவில்லையோ என்னவோ, பணம் நின்று, பிரான்ஸிலிருந்து ஓர் அலுவலகக் கடிதம் வந்தது. படித்துச் சொல்வதற்காக என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

நான் ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பணம் வாங்க உரிமை இல்லைன்னு எழுதியிருக்காங்கம்மா" என்று ஆரம்பித்தேன். மேலே காரணம் ஒரு பத்தி இருந்தது. அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு தம்பி. 'பா'ன்னு போட்டிருக்கா, 'ப்ளு'ன்னு போட்டிருக்கா?"

பார்த்துச் சொன்னேன். "'ப்ளு'ன்னுதான் இருக்கும்மா."

"அப்ப சரி. 'பா'ன்னா எனக்கு என்னைக்குமே இல்லேன்னு ஆயிடும். 'ப்ளு'ன்னா நேத்து வரைக்கும் இருந்ததுன்னு அவங்களே ஒத்துக்கிறாங்க. இருந்ததைத்தானே திருப்பிக் கேக்க முடியும்? எழுது."

அந்தக் கடிதத்தில் உரிமை என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த ஓரசையைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதினோம். புதிய சான்றும் பழைய ரசீதுகளின் நகல்களும் வைத்து, நீங்களே இருந்ததாகச் சொல்கிற உரிமை எந்தத் தேதியிலிருந்து எந்தக் காரணத்தால் நின்றது என்று கேட்டோம். சில மாதங்கள் ஆயின. பாக்கியோடு பணம் வந்தது. அம்மாள் எனக்கு ஒரு கட்டு முறுக்கு கொடுத்தனுப்பினார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்துபோன கணவரைப் பற்றிப் பேசும்போது அவர் எப்போதும் 'அவரு யா ப்ளு' என்பார். பிரெஞ்சு இலக்கணப்படி இது சரியில்லை. மனிதனுக்கு அந்த வாய்பாடு வராது, 'இல் நே ப்ளு' என்று வேறு விதமாகச் சொல்ல வேண்டும். ரொட்டிக்கும் பாலுக்கும் சொன்னதையே அவர் புருஷனுக்கும் சொன்னார். திருத்தலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் 'ப்ளு'வுக்கு என்னதான் போடுவது? ஒரே சொல் கிடையாது என்பது என் முடிவு. அதைக் குறையாகவும் நினைக்கவில்லை. ரொட்டி இருந்து இல்லாமற்போனால் தீர்ந்தது. விளக்கு என்றால் அணைந்தது. வலி போயிற்று, கோபம் ஆறிற்று, சத்தம் ஓய்ந்தது, கிணறு வற்றிற்று, உறவு அற்றது, ஊர் பாழாயிற்று. ஒவ்வொரு பொருளும் எப்படி முடியும் என்பதற்கு நம்மிடம் தனித்தனி வினை உண்டு. பிரெஞ்சுக்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'ப்ளு'. அவனுடைய வசதி அது. அந்த வசதியைத் தமிழில் கொண்டுவர முயன்றால் 'இனி' வந்து உட்கார்ந்துகொள்ளும். மூலத்தில் ஒரே சொல் பத்து இடங்களில் திரும்பத் திரும்ப வந்து ஒரு தாளத்தை உண்டாக்கியிருந்தால் பத்து வினைகள் போட்டு அதைக் கலைத்துவிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கவிதையில் இது நிஜமான நஷ்டந்தான். அங்கே 'முன்போல்', 'இப்போதெல்லாம்' என்று ஏதாவது ஒன்றை எடுத்து விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும், இடத்துக்கு இடம் கொஞ்சம் உறுத்தினாலும். உரைநடையில் அந்த நிர்ப்பந்தம் இல்லை.

சமீபத்தில் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தேன். ஒருத்தி தன் புருஷனிடம், காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, மிகச் சாதாரணமான குரலில், 'ஜ ந தேம் ப்ளு' என்கிறாள். அடியில் தமிழ் ஓடிற்று: 'இனி நான் உன்னை நேசிக்கவில்லை.' பக்கத்திலிருந்த நண்பர் சிரித்துவிட்டார், படம் அந்த இடத்தில் சிரிக்கிற படம் அல்ல. வீட்டுக்கு வந்தபின் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பிடிக்கவில்லை என்றால் எப்போதும் பிடிக்காததாக ஆகிவிடுகிறது, அது 'பா'. ஆசை தீர்ந்தது என்றால் வேறு அர்த்தம் வந்துவிடும். மழை விடுகிறது, காய்ச்சல் விடுகிறது, அந்த வினையில் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். 'மனசு விட்டுப்போச்சு' என்று நம் பெண்கள் சொல்வார்கள், பாத்திரம் கழுவிக்கொண்டேதான்.